ஒரே போர், வெவ்வேறு கல்லறைகள்: மேற்குப் போர்முனை நெடுக ஒரு பயணம்

அக்டோபர் 4, சனி – ஈப்பர், பெல்ஜியம்

முதல் உலகப் போரில் மோதிய நாடுகளை நாம் பெரும்பாலும் படைகளின் எண்ணிக்கை, பீரங்கிகளின் தொகை, உடன்படிக்கைகளின் பெயர்கள் ஆகியவற்றை வைத்தே ஒப்பிட்டுப் படித்திருக்கிறோம். நானும் என் மனைவியும் வேறொரு வழியில் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினோம். பெல்ஜியத்தின் சமவெளியில் தொடங்கி வெர்தன் குன்றுகள் வரை, நான்கு ஆண்டுகள் போர்முனை கிடந்த கோட்டை ஒட்டிச் சென்று, ஒவ்வொரு நாடும் தன் இறந்தவர்களை எங்கே, எந்தக் கல்லின் கீழ், என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பார்ப்பதே எங்கள் திட்டம். இந்தக் கல்லறைகளும் நினைவிடங்களுமாக 139 இடங்களை யுனெஸ்கோ 2023இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் வந்து இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைச் சந்தை முடிந்து கடைக்காரர்கள் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாலாடைக்கட்டி விற்ற பெரியவர், வாங்காதவர்களுக்கும் ஒரு துண்டு வெட்டிக் கையில் கொடுத்தார். உருளைக்கிழங்கு வறுவல் ஒரு பொட்டலம் நான்கு யூரோ. சைவம் உண்ணும் என் மனைவி எண்ணெயைப் பற்றிக் கேட்டதும், கடைக்காரர் வறுப்பதை நிறுத்திவிட்டு, இங்கே மாட்டுக் கொழுப்பில்தான் வறுப்பார்கள் என்றும், தாவர எண்ணெயில் வறுக்கும் கடை அடுத்த தெருவில் இருக்கிறது என்றும் சொல்லி, வாசலுக்கு வந்து வழியும் காட்டினார். தன் வியாபாரத்தை விட்டுக்கொடுத்து அவர் சொன்ன அந்த உண்மைக்காகவே எனக்கு இந்த ஊரைப் பிடித்துவிட்டது.

ஈப்பரின் சதுக்கத்தில் நிற்கும் துணி மண்டபம் இடைக்காலக் கட்டடம் போலத் தோன்றினாலும், போரில் தரைமட்டமாகி, மெல்ல மெல்ல எழுப்பப்பட்டு 1967இல்தான் முழுமை பெற்றது. இந்த ஊரின் இடிபாடுகளை அப்படியே நினைவிடமாக விட்டுவைக்க வேண்டும் என்று 1919இல் சர்ச்சில் விரும்பினார். ஊர்க்காரர்கள் அதற்கு இணங்காமல், பழைய வரைபடத்தைப் பார்த்துத் தங்கள் வீடுகளைத் திரும்பக் கட்டிக்கொண்டார்கள். பிரிட்டனுக்கு இது புனித மண்ணாக இருந்திருக்கலாம்; இங்கே பிறந்தவர்களுக்கு இது குடியிருக்கும் ஊர். தன் நிலத்தில் போர் நடந்த நாட்டுக்கும், போருக்காக ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பிய நாட்டுக்கும் உள்ள வேறுபாடு முதல் மாலையிலேயே கண்ணில் பட்டது.

இரவு எட்டு மணிக்கு மெனின் வாயில் என்ற நினைவு வளைவில், இறந்த வீரர்களுக்கான எக்காள இசையான 'லாஸ்ட் போஸ்ட்' ஊதப்படுகிறது. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலமான 1940–44 நீங்கலாக, 1928 முதல் இந்த வழக்கம் தொடர்கிறது. உடல் கிடைக்காத 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அந்த வளைவின் சுவர்களில் உள்ளன. அவற்றில் 400க்கும் மேற்பட்டவை இந்தியர்களுடையவை. நியூசிலாந்துக்காரர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. தம் வீரர்களை அவர்கள் வீழ்ந்த இடத்துக்கு அருகிலேயே நினைவுகூர வேண்டும் என்று அந்த நாடு முடிவு செய்திருந்தது. ஊதல் முடிந்து கூட்டம் கலைந்தபோது, பக்கத்தில் நின்ற ஜெர்மன் ஆசிரியர் ஒருவர், தன் மாணவர்களை நாளை லாங்மார்க் கல்லறைக்கு அழைத்துச் செல்வதாகச் சொன்னார். "அங்கே எக்காளம் கிடையாது. வந்து பாருங்கள்" என்றார்.

அக்டோபர் 5, ஞாயிறு – டைன் காட், லாங்மார்க்

நாளொன்றுக்குப் பதினைந்து யூரோ வாடகையில் சைக்கிள் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். சர்க்கரைக் கிழங்கு அறுவடை நடக்கும் பருவம் இது. வயலோரங்களில் கிழங்குகள் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கின்றன. டிராக்டர்கள் இழுத்து வந்த சேறு சாலையெங்கும் அப்பியிருக்கிறது. பாசெண்டேலுக்குச் சற்று முன்னால் என் சைக்கிளின் பின்சக்கரம் பஞ்சரானது. பண்ணை வீட்டு அம்மாள் ஒருவர் பம்பும் ஒட்டுப்போடும் பசையும் கொண்டுவந்து கொடுத்தார். நான் ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் என் மனைவியைச் சற்றுத் தள்ளி அழைத்துச் சென்று மின்கம்பத்தின் அடியைக் காட்டினார். துருவேறி மண்ணோடு மண்ணாகிப்போன ஒரு பீரங்கிக் குண்டு அங்கே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உழும்போது மேலே வந்ததாம். இராணுவத்தினர் வந்து எடுத்துப் போவார்களாம். "கையை மட்டும் வைக்காதீர்கள்" என்று அவர் சொன்ன தொனியில் அச்சம் எதுவும் இல்லை. பாம்புப் புற்று இருக்கும் வரப்பைக் காட்டி நம் ஊர்ப் பெண்கள் எச்சரிப்பது போலத்தான் இருந்தது.

டைன் காட், காமன்வெல்த் போர்க் கல்லறைகளில் உலகிலேயே மிகப் பெரியது. கிட்டத்தட்ட 12,000 கற்களில் 8,300க்கும் மேற்பட்டவை பெயரில்லாதவை. பின்சுவரில் மேலும் ஏறத்தாழ 35,000 பெயர்கள் இருக்கின்றன. தளபதியானாலும் சிப்பாயானாலும் ஒரே அளவு, ஒரே வடிவக் கல். உடலை ஊருக்குக் கொண்டுபோகப் பணக்காரக் குடும்பத்துக்கும் அனுமதி இல்லை என்று பிரிட்டன் கண்டிப்பாக இருந்தது. கல்லின் அடியில் குடும்பத்தார் தங்கள் சொந்த வரியைச் சேர்க்கலாம், ஆனால் 66 எழுத்துகளுக்குள். எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் கட்டணமும் தொடக்கத்தில் கேட்டார்கள். அந்தச் செலவைக் கனடா அரசு தானே ஏற்றுக்கொண்டது. நியூசிலாந்தோ, ஒருவர் கல்லில் கூடுதலாகவும் இன்னொருவர் கல்லில் குறைவாகவும் எழுதினால் சமத்துவம் கெடும் என்று, யாருக்கும் தனி வரி வேண்டாம் என முடிவெடுத்தது. ஒரே பேரரசுக்குள், ஒரே கல்லைப் பற்றியே மூன்று நாடுகள் மூன்று விதமாகச் சிந்தித்திருக்கின்றன.

வெயில் சற்றே தலைகாட்டிய பிற்பகலில் லாங்மார்க் சென்றோம். சிவந்த மணற்கல் வாயில் அறையைத் தாண்டினால் ஓக் மரங்களின் நிழல். புல்லோடு புல்லாகத் தரையில் பதித்த கருங்கற்கள். ஒவ்வொரு கல்லிலும் பல பெயர்கள். 44,000க்கும் மேற்பட்டோர் கிடக்கும் இந்த இடம் டைன் காட்டைவிடச் சிறியதாகத் தெரிகிறது. அவர்களில் ஏறத்தாழ 25,000 பேர் வாயிலை அடுத்துள்ள ஒரே பொதுக் குழியில் இருக்கிறார்கள். வெளிச்சமும் பூச்செடிகளும் நிறைந்த டைன் காட்டிலிருந்து நேரே வருபவர்கள், ஜெர்மானியர்கள் இயல்பிலேயே இருண்டவர்கள் என்று எண்ணிவிடக்கூடும். தோற்ற நாட்டுக்குப் பிறர் மண்ணில் கிடைத்த இடம் குறைவு. பெல்ஜியத்தில் சிதறிக் கிடந்த ஜெர்மன் கல்லறைகளை 1950களில் பெயர்த்து நான்கு பெருங்கல்லறைகளில் சேர்த்தார்கள். அதனால்தான் இந்த நெருக்கம். பின்புறம் எமில் க்ரீகர் வடித்த நான்கு வெண்கல உருவங்கள் தலைகுனிந்து நிற்கின்றன. நேற்றுச் சந்தித்த ஆசிரியர் அங்கே மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். 1914இல் இங்கே இறந்த இளைஞர்களைப் பற்றிய கதையை நாஜிகள் எப்படிப் பயன்படுத்திக்கொண்டார்கள், 1940 ஜூனில் ஹிட்லர் ஏன் இங்கே வந்தார் என்பதையெல்லாம் அவர் சொல்லியிருக்கிறார். வேறு எந்த நாட்டின் ஆசிரியருக்கும், தன் இறந்தவர்களின் முன் நின்று இவ்வளவு எச்சரிக்கையாகப் பேச வேண்டிய நிலை இல்லை.

அக்டோபர் 6, திங்கள் – வ்ளாட்ஸ்லோ, டிக்ஸ்மாய்ட

வாடகைக் கார் நிறுவனத்தின் அலுவலகம், திறந்திருக்க வேண்டிய நேரத்தில் பூட்டிக் கிடந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மழையில் நின்ற பிறகு வந்த இளைஞர் மன்னிப்பும் கேட்கவில்லை. முன்பதிவில் இல்லாத காப்பீட்டுத் தொகை ஒன்றையும் சேர்க்கப் பார்த்தார். என் மனைவி தாளை விரித்துக் காட்டிய பிறகே விட்டார். அந்தத் தாமதத்தால் வ்ளாட்ஸ்லோவை அடைய நண்பகல் ஆகிவிட்டது.

வ்ளாட்ஸ்லோவும் ஜெர்மன் கல்லறைதான். 25,000க்கும் மேற்பட்டோர் இங்கே இருக்கிறார்கள்; ஒரு கல்லுக்குச் சுமார் இருபது பெயர்கள். கோடியில் ஒரு தந்தையும் ஒரு தாயும் தனித்தனிப் பீடங்களில் மண்டியிட்டிருக்கிறார்கள். ஓவியரும் சிற்பியுமான கேத்தே கோல்விட்ஸ் 1932இல் முடித்த சிலைகள் இவை. அவர் மகன் பீட்டர் 1914 அக்டோபரில், பதினெட்டு வயதில் இந்தப் பகுதியில் கொல்லப்பட்டான். வயது போதாததால் படையில் சேரத் தந்தையின் ஒப்புதல் தேவைப்பட்டது. மறுத்த கணவரை இணங்க வைத்தவர் கேத்தே. தந்தை சிலையின் முகம் அந்தக் கணவரின் முகம். அவர் தன் கைகளைக் கட்டித் தோள்களை இறுக்கியபடி, நேரே எதிரில் உள்ள கல்லைப் பார்க்கிறார். அந்தக் கல்லில் மற்ற பெயர்களுக்கு நடுவே பீட்டரின் பெயர் இருக்கிறது. தாய் குனிந்திருக்கிறாள். மழைநீர் அவள் போர்வையின் மடிப்புகளில் வழிந்து முழங்காலருகே சொட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பயணத்தில் நாங்கள் பார்த்த நினைவிடங்களில் வெற்றியையோ கடமையையோ தியாகத்தையோ சற்றும் பேசாதது இது ஒன்றுதான். அந்தக் காரணத்தாலேயே மற்ற எல்லாவற்றையும்விட இதை நான் உயர்வாக வைக்கிறேன்.

மாலையில் டிக்ஸ்மாய்ட. 1914 அக்டோபர் இறுதியில் நியூபோர்ட் மதகுகளைத் திறந்து கடல்நீரை வயல்களில் பாய்ச்சித்தான் பெல்ஜியர்கள் ஜெர்மானியரை இங்குள்ள யேசர் ஆற்றங்கரையில் தடுத்தார்கள். அதன்பின் மன்னர் ஆல்பர்ட் தன் சிறிய படையைப் பெரிய தாக்குதல்களில் இறக்க மறுத்துவந்தார். பெல்ஜியம் இழந்த வீரர்கள் ஏறத்தாழ 40,000 பேர். பிரான்ஸ் இழந்தது 13 லட்சத்துக்கும் மேல். இங்குள்ள 84 மீட்டர் உயர யேசர் கோபுரம் பெல்ஜியம் முழுவதற்குமான நினைவுச் சின்னம் அல்ல. பிரெஞ்சு பேசும் அதிகாரிகளின் கீழ் போரிட்ட, டச்சு மொழி பேசும் ஃபிளெமிஷ் சிப்பாய்களின் மனக்குறையைச் சுமந்து நிற்கும் கோபுரம் அது. முதலில் கட்டியதை 1946இல் யாரோ வெடி வைத்துத் தகர்த்தார்கள். இப்போது நிற்பது இரண்டாவது. சில நாடுகளுக்கு அந்தப் போர் உள்ளேயே முடியாமல் இருந்திருக்கிறது.

இரவு உணவு: பீரில் நெடுநேரம் வேகவைத்த மாட்டிறைச்சி எனக்கு, காளான் சூப் என் மனைவிக்கு. குப்பித் தண்ணீரைவிட பீர் விலை குறைவு.

அக்டோபர் 7, செவ்வாய் – நொவ் ஷப்பெல், பிரான்ஸ்

எல்லையைக் கடந்ததே தெரியவில்லை. சாலைப் பலகைகளின் மொழி மாறியபோதுதான் உணர்ந்தோம். மூன்று நாட்களாக இல்லாத நல்ல வெயில்.

நொவ் ஷப்பெலில் உள்ள இந்திய நினைவிடம் 1927ஆம் ஆண்டு இதே அக்டோபர் 7 அன்றுதான் திறந்துவைக்கப்பட்டது. லாரிகள் விரையும் ஒரு சாலைச் சந்திப்பில், வயல்களுக்கு நடுவே, வட்டமான வெண்சுவர். ஹெர்பர்ட் பேக்கர் சாஞ்சி ஸ்தூபியின் கல்வேலியை மனத்தில் வைத்து அதை வடிவமைத்தார். நடுவே 15 மீட்டர் உயரத் தூண். அதன் உச்சியில் தாமரையும், அதற்கு மேலே பிரிட்டிஷ் முடியும். அடியில் இரண்டு கற்புலிகள். 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள் படைப்பிரிவு வாரியாகச் செதுக்கப்பட்டுள்ளன. 1915 மார்ச் 10 அன்று இங்கே தொடங்கிய தாக்குதலில் ஏறத்தாழப் பாதிப் படை இந்தியப் படை. அன்றே உயிர்நீத்து, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற கப்பர் சிங் நேகியின் பெயரைக் கார்வால் ரைஃபிள்ஸ் வரிசையில் கண்டோம். அவருக்கு உத்தராகண்டின் சம்பாவில் ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். அந்தக் குன்றுகளைத் தாண்டினால் நம் நாட்டில் அவரை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

என் மனைவி தமிழ்ப் பெயர் ஒன்றாவது கிடைக்குமா என்று ஒரு சுற்று முழுவதும் பார்த்துக்கொண்டு வந்தார். சீக்கியர், கூர்க்காக்கள், பஞ்சாபி முஸ்லிம்கள், கார்வாலிகள் எனப் பெரும்பாலும் வடக்கின் பெயர்களே. போர்த்திறன் மிக்க இனங்கள் சில மட்டுமே உண்டு என்ற கொள்கையால், போருக்கு முன்பே ஆங்கிலேயர் சென்னை மாகாணத்தில் ஆள் எடுப்பதைப் பெரிதும் குறைத்துவிட்டிருந்தார்கள். எடுத்தவர்களையும் பெரும்பாலும் வேறு முனைகளுக்கே அனுப்பினார்கள்: பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போரிட்டது, மெட்ராஸ் சாப்பர்கள் என்ற பொறியாளர் படையினர் மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், பணியாற்றினார்கள். பிரான்சுக்காகப் போரிடப் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கடல் கடந்தவர்கள் தனி. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் சிப்பாய் சிலையோடு நிற்கும் வெண்தூண்கள் அவர்களுக்கானவை.

சுவர் அழகாகவும் பழுதில்லாமலும் பராமரிக்கப்படுகிறது. ஆனால் இந்தக் கவனிப்பு எல்லா இந்தியருக்கும் கிடைக்கவில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்த குறைந்தது 45,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், பெயரின்றியோ முற்றிலுமோ விடப்பட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர் என்றும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. டைன் காட்டில் நான் மெச்சிய அந்தச் சமத்துவம் ஐரோப்பாவின் எல்லையோடு நின்றுவிட்டது.

அதே சாலையில் சற்றுத் தள்ளிப் போர்ச்சுக்கலின் கல்லறை இருக்கிறது. 1918 ஏப்ரல் 9 அன்று இங்கே நசுங்கிப்போன அந்தச் சிறிய படையினரில் 1,831 பேர் இங்கே கிடக்கிறார்கள். அந்த நாடும் போரிட்டது என்பதே பலருக்கு நினைவில் இல்லை. பார்வையாளர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

இரண்டு மணிக்கு மேல் எந்த உணவகமும் சோறு போடாது என்ற பிரெஞ்சு ஒழுங்கால் அன்று மதியம் ஒரு நீள ரொட்டியும் தக்காளியும்தான். ரொட்டிக்கடைப் பெண் எங்களை இந்தியர்கள் என்று அறிந்ததும், நினைவிடத்துக்கு வந்தீர்களா என்று கேட்டுவிட்டு, ஆப்பிள் பணியாரம் இரண்டைக் காசு வாங்காமல் பையில் போட்டார்.

அக்டோபர் 8, புதன் – லொரெத், மெசோன் பிளான்ஷ், விமி

அராஸ் நகரில் தங்கியிருக்கிறோம். காலையில் மூடுபனி.

லொரெத் குன்றின் மேல் பிரான்சின் மிகப் பெரிய இராணுவக் கல்லறை. ஏறத்தாழ 20,000 சிலுவைகளும், எலும்புகளை ஒன்றாகச் சேர்த்த அறைகளும் இங்கே உள்ளன. சிலுவைகள் சிமெண்டால் ஆனவை. பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், 'பிரான்சுக்காக இறந்தார்' என்ற வாசகம், அவ்வளவே. குடும்பத்தின் வரி எதற்கும் இடமில்லை. ஆனால் பிரிட்டன் மறுத்ததைப் பிரான்ஸ் அனுமதித்தது: 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விரும்பிய குடும்பங்களுக்கு அரசுச் செலவிலேயே உடலை ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். சுமார் 2,40,000 உடல்கள் அப்படித் திரும்பின. பெரே தொப்பியணிந்த முதிய தன்னார்வக் காவலர் ஒருவர், தன் தாத்தாவின் அண்ணன் இங்கே இல்லை, பிரித்தானி கிராமத்தில் அவருடைய தாயின் பக்கத்தில் இருக்கிறார் என்று மனநிறைவோடு சொன்னார்.

கல்லறைக்கு எதிரே, 2014 நவம்பர் 11 அன்று திறந்த நினைவு வளையம். அதன் ஒரு பகுதி சரிவின் மேல் ஆதாரமின்றி மிதப்பதுபோல நிற்கிறது. உட்புறம் 500 உலோகத் தகடுகளில், இந்த வட்டாரத்தில் இறந்த 5,79,606 பேரின் பெயர்கள் அகர வரிசையில் உள்ளன. நாடு இல்லை, பதவி இல்லை, நட்பு நாடா எதிரி நாடா என்ற குறிப்பும் இல்லை. ஆங்கிலேய ஸ்மித்துகளையும் ஜெர்மானிய ஷ்மிட்டுகளையும் கடந்து 'சிங்' என்ற பெயருக்கு வந்தோம். பத்தி பத்தியாக அது போய்க்கொண்டே இருந்தது. நொவ் ஷப்பெலில் பேரரசின் முடிக்குக் கீழே பார்த்த பெயர்களை இங்கே எந்த முடியும் இல்லாமல் பார்த்தோம். நாடுகளை ஒப்பிடப் புறப்பட்ட எங்களை அதிகம் தடுமாற வைத்த இடம் இது; ஒப்பிடுவதற்கான அடையாளத்தையே கட்டடக் கலைஞர் பிலிப் புரோஸ்ட் எடுத்துவிட்டிருந்தார்.

மெசோன் பிளான்ஷில் பிரான்சின் மிகப் பெரிய ஜெர்மன் கல்லறை: 44,833 பேர். கறுப்பு உலோகச் சிலுவை ஒன்றுக்கு நால்வர். இடையிடையே, தாவீதின் நட்சத்திரம் பொறித்த யூத வீரர்களின் கற்கள். ஜெர்மனிக்காக உயிர்விட்ட அவர்களின் குடும்பங்கள் பின்னாளில் அதே ஜெர்மனியிடம் என்ன பட்டார்கள் என்பதை நினைத்தபோது அங்கிருந்து உடனே நகர முடியவில்லை.

விமிக் குன்றில் கனடாவின் இரட்டைத் தூண்கள். 1917 ஏப்ரல் 9 முதல் 12 வரை, நான்கு கனடியப் பிரிவுகளும் முதன்முறையாக ஒன்றாகப் போரிட்டு, 3,598 பேரை இழந்து இந்தக் குன்றைப் பிடித்தன. தங்கள் தேசம் இங்கே பிறந்தது என்று அவர்கள் நம்புகிறார்கள். பிரான்ஸ் 1922இல் நிலத்தை அளித்தது. வால்டர் ஆல்வார்டின் சின்னம் 1936இல் திறக்கப்பட்டது. வழிகாட்டிகள் எல்லோரும் கனடாவிலிருந்து வந்த மாணவர்கள். குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் இருப்பதால் புல்லை எந்திரத்தால் வெட்ட முடியாது, ஆடுகள்தான் மேய்கின்றன. சமவெளியைப் பார்த்துக் குனிந்து நிற்கும் பெண் சிலை கனடாவையே குறிக்கிறது. வ்ளாட்ஸ்லோவின் தாய் தன் மகனை மட்டுமே இழந்தவள்; இந்தத் தாய் ஒரு நாடு. கலை என்ற அளவில் விமி எவ்வளவோ பெரியது. இருந்தும் என் மனம் வ்ளாட்ஸ்லோவில்தான் நின்றது.

அக்டோபர் 9, வியாழன் – சோம்

புது டெல்லியை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லுட்யன்ஸ்தான் தியெப்வால் நினைவு வளைவையும் வடிவமைத்தார். உடல் கிடைக்காத 72,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் உள்ளன. சோம் போர் தொடங்கிய 1916 ஜூலை 1 என்ற ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் இறந்தார்கள். வளைவின் பின்னால், இரு நாடுகளும் சேர்ந்து போரிட்டதைக் காட்ட 300 பிரெஞ்சுச் சிலுவைகளும் 300 பிரிட்டிஷ் கற்களும் பக்கம் பக்கமாக நிற்கின்றன.

பெரோன் நகரின் போர் அருங்காட்சியகத்தில் பிற்பகல் முழுவதும் கழிந்தது. இந்தப் பயணத்தின் கேள்வியையே கேட்கும் இடம் இது. கண்ணாடிப் பேழைகள் ஒவ்வொன்றிலும் ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் என மூன்று அடுக்குகள். ஒரே காலத்தில் மூன்று நாட்டு வீடுகளிலும் இருந்த பொருள்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றன. குழந்தைகளின் பொம்மைகள் மூன்று நாட்டிலும் ஒரே மாதிரி சிப்பாய் வேடமிட்டிருக்கின்றன. வேறுபாடு வயிற்றில்தான். ஜெர்மனியில் ரொட்டிக்குப் பங்கீடு 1915 தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1916–17 குளிர்காலத்தில் மக்கள் டர்னிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். பிரிட்டனில் சர்க்கரைப் பங்கீடே 1918இல்தான் தொடங்கியது. கடலை யார் கட்டுப்படுத்தினார்கள் என்பது சாப்பாட்டுத் தட்டில் தெரிகிறது.

தரையில் குழி போன்ற சதுரங்களில் சிப்பாய்களின் உடைகளும் கருவிகளும் படுத்திருக்கின்றன. 1914இல் சிவப்புக் காற்சட்டையோடு புறப்பட்ட பிரெஞ்சு வீரன் 1915இல் வெளிர்நீலத்துக்கு மாறினான். அதே ஆண்டில் அவனுக்கும் பிரிட்டிஷ் வீரனுக்கும் இரும்புத் தொப்பி கிடைத்தது. ஜெர்மன் வீரனுக்கு 1916இல். அதுவரை மூவரும் துணியும் தோலும் அணிந்தே பீரங்கிக்கு முன் நின்றிருக்கிறார்கள். நொவ் ஷப்பெலில் நம்மவர்களில் பலருக்கு இருந்தது தலைப்பாகை.

அக்டோபர் 10, வெள்ளி – வில்லேர் பிரெத்தோனு, பின்னர் நெடுஞ்சாலை

ஆஸ்திரேலியச் சிறார்கள் சேர்த்தனுப்பிய பணத்தில் எழுந்து 1927இல் திறக்கப்பட்ட பள்ளி இன்னும் நடக்கிறது. ஆஸ்திரேலியாவை மறக்க வேண்டாம் என்று முற்றத்தில் பெரிய எழுத்துகளில் எழுதியிருக்கிறது. கட்டாய ஆள்சேர்ப்பை இரண்டு முறை வாக்கெடுப்பில் நிராகரித்த நாடு அது. இங்கே இறந்த ஆஸ்திரேலியர் அனைவரும் தாமாக வந்தவர்கள். அதன் பிறகு நாள் முழுவதும் கனமழையில் கிழக்கு நோக்கிய பயணம், வழியெங்கும் சுங்கக் கட்டணம். வெர்தனில் இரவு ஒன்பதுக்கு மேல் திறந்திருந்தது துருக்கிக் கடை ஒன்றுதான். கடைக்காரர் என் மனைவிக்காகத் தனியாகக் காய்கறி வதக்கிக் கொடுத்து, ஒரு தட்டுக்கு எட்டு யூரோ மட்டும் வாங்கினார்.

அக்டோபர் 11, சனி – வெர்தன்

1916 பிப்ரவரி 21 முதல் டிசம்பர் வரை இந்தக் காட்டில் இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். இந்தியரோ பிரிட்டிஷாரோ இல்லை. பிரான்சும் ஜெர்மனியும் மட்டுமே மோதிய களம். ஃப்ளரி என்ற ஊர் பதினாறு முறை கைமாறி, இறுதியில் ஊரே இல்லாமல் போனது. ரொட்டிக்காரர் வீடு, கொல்லர் பட்டறை, பள்ளி என்று மரங்களுக்கிடையே சிறு குறிகள் நட்டிருக்கிறார்கள். அங்கே யாரும் குடியில்லை. ஆயினும் அந்த ஊருக்கு இன்றும் ஒரு மேயர் நியமிக்கப்படுகிறார். தன் மண்ணில் போரிட்ட நாட்டின் துயரம் இது. பிரிட்டன் வீரர்களை இழந்தது. பிரான்ஸ் வீரர்களோடு ஊர்களையும் இழந்தது.

துவோமோன் எலும்பு மாளிகை 1932இல் திறக்கப்பட்டது. பின்புறம் தரையை ஒட்டிச் சிறு கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன. குனிந்து பார்த்தால் உள்ளே எலும்புகள்: தொடையெலும்புகள் விறகுபோல் அடுக்கப்பட்டும், மண்டையோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டும். அடையாளம் தெரியாத 1,30,000 பேரின் எச்சங்கள்; பிரெஞ்சுக்காரர் யார், ஜெர்மானியர் யார் என்று பிரிக்க முடியாதவை. ஒரு ஜன்னலருகே நின்ற பிரெஞ்சுத் தந்தை, எட்டு வயதிருக்கும் மகளின் கண்ணை மறைக்கவில்லை. அவள் பக்கத்தில் மண்டியிட்டு, தானும் அவளோடு சேர்ந்து பார்த்தார். 1984 செப்டம்பர் 22 அன்று பிரெஞ்சு அதிபர் மித்தெரானும் மேற்கு ஜெர்மனியின் அரசுத் தலைவர் (சான்சலர்) ஹெல்முட் கோலும் கைகோத்து நின்றது இந்த மாளிகையின் முன்னால்தான். முன்னே பரந்த சரிவில் சுமார் 16,000 கல்லறைகள். மெக்காவை நோக்கிய வட ஆப்பிரிக்க முஸ்லிம் வீரர்களின் கற்கள் ஒரு பகுதி. அவர்களுக்கான தனி நினைவிடம் 2006இல்தான் வந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு – ரொமாஞ்

ஐரோப்பாவிலுள்ள மிகப் பெரிய அமெரிக்கக் கல்லறை இது: 14,246 வெண்பளிங்குக் கற்கள், கோடு பிசகாத வரிசைகள். அமெரிக்கா 1917 ஏப்ரலில்தான் போரில் நுழைந்தது. 1918இல், போரின் கடைசி ஏழு வாரங்களில் இந்த வட்டாரத்தில் மட்டும் 26,000க்கும் மேற்பட்டோரை இழந்தது. உடல் வேண்டுமா, அங்கேயே இருக்கட்டுமா என்று அந்த அரசு ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டது. ஏறத்தாழ 46,000 உடல்கள் கப்பலேறின, சுமார் 30,000 ஐரோப்பாவிலேயே தங்கின. 1930 முதல் 1933 வரை, மகன்களை இழந்த தாய்மாரையும் கைம்பெண்களையும் அரசுச் செலவில் கல்லறைகளைக் காண அழைத்து வந்தார்கள். 6,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். கறுப்பினத் தாய்மார்களை மட்டும் தனிக் கப்பல்களில் ஏற்றினார்கள்.

வரவேற்பறை அலுவலர், நீங்கள் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். இங்கே எல்லோரிடமும் அப்படித்தான் கேட்பார்களாம். பெயர் சொன்னால் வண்டியில் ஏற்றிக்கொண்டு கல் வரை கூட்டிப்போவார்கள். குறிப்பாக யாரையும் இல்லை, இந்தியாவிலிருந்து வருகிறோம் என்றதும், "உங்கள் நாட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டார். நொவ் ஷப்பெலைச் சொன்னேன். பிரான்சிலிருந்த இந்தியக் காலாட்படை 1915 இறுதியில் மெசபடோமியாவுக்கு மாற்றப்பட்டதையும், ஈராக்கில், நாசிரியா செல்லும் சாலையில் இப்போது நிற்கும் பாஸ்ரா நினைவிடத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுவதையும் என் மனைவி சொன்னார். அங்கே பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் இருக்கிறது. இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்குக் கல்லில் கிடைத்தது படைப்பிரிவின் பெயரும், அதற்கு நேரே ஓர் எண்ணிக்கையும்தான். மெட்ராஸ் சாப்பர்கள் போரிட்ட முனை அது. அலுவலர் தன் நோட்டில் அந்த ஊரின் பெயரை எழுதிக்கொண்டு, பெயர்களின் பட்டியல் வேறு எங்காவது இருக்கிறதா என்று கேட்டார். ஆணையத்தின் ஏடுகளில் இருக்கிறது என்றோம். அப்படியானால் கல்லில் பொறிப்பதற்கு இன்னும் என்ன தடை என்று அவர் கேட்டது எங்களுக்கும் உள்ள கேள்விதான். ஊர் திரும்பியதும் அதை ஆணையத்துக்கு எழுதிக் கேட்பதாக இருக்கிறோம்.